விலங்கு பூட்டாத சந்து

1979 முதல் 1986 வரை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில், இருபத்தொரு வயதுக்குட்பட்ட எவன் கையிலும் விலங்கு பூட்டவில்லை. போலீஸார் முயலாமல் இல்லை. விலங்கு ஈரச் சோப்பைப் போல நழுவிக் கீழே விழும். சார்ஜன்ட் குனிந்து அதை எடுத்துக்கொண்டு, யாராவது கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். அதே ஆண்டுகளில் கிள்ளான் ஆற்றோரத்தில், கம்பம் என்று மலாயில் சொல்லும் குடிசைக் கிராமம் ஒன்றில் விலங்குகள் தாமாகவே வந்து பூட்டிக்கொண்டன. பையன் கடையில் உட்கார்ந்து மீ கோரிங் நூடுல்ஸ் தின்றுகொண்டிருப்பான். க்ளிக் என்று சத்தம் கேட்கும். பார்த்தால் இரண்டு கையிலும் விலங்கு. மீதியைத் தின்று முடித்துவிட்டு அவனே ஸ்டேஷனுக்கு நடந்துபோவான். போகாவிட்டால் விலங்கைத் திருடினான் என்று இன்னொரு வழக்கு சேரும். என்ன குற்றம் செய்தோம் என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

வட்டாரவாரியாக இளைஞர் கைது எண்ணிக்கையை ஆண்டுதோறும் அட்டவணையாகத் தட்டச்சு செய்தவர் சீவரத்தினம். யாழ்ப்பாணத்து வழிவந்தவர், அரசாங்க அலுவலகமொன்றில் தலைமை எழுத்தர். அந்தச் சந்தில் மூன்றாம் வீட்டுக்காரர். தம் சந்துக்கு நேராகப் பூஜ்யம் அடிக்கும்போது அவர் சுட்டுவிரல் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தும். வெள்ளிக்கிழமைத் தேவாரமும் மாலைநேரக் கணக்கு டியூஷனும்தான் காரணம் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவந்தார். உண்மைக் காரணம் பையன்களின் சட்டைப்பையில் இருந்தது. பதினைந்து வயதானதும் சந்தின் ஒவ்வொரு பையனுக்கும் சீவரத்தினம் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொடுப்பார்: 'இவனைப் பிறந்ததிலிருந்து அறிவேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை.' கீழே கையெழுத்து, பதவி, முத்திரை. அந்தக் காகிதம் இருக்கும் உடம்பில் விலங்கு நிற்காது. நிற்காத விலங்கு காகிதம் இல்லாதவனைத் தேடிக் கிள்ளானுக்குப் போய்விடும். கம்பத்தில் யாருக்கும் கையெழுத்துப் போட ஒரு அதிகாரியைத் தெரியாது.

1986 ஜூன் மாதம், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாரியாயி, கிள்ளானிலிருந்து மகன் விஜயனை அழைத்துக்கொண்டு சீவரத்தினத்தின் வாசலில் வந்து நின்றாள். விஜயனுக்குப் பத்தொன்பது வயது. பதினோரு முறை விலங்கு பூட்டியிருந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் அவனுக்கு ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் படிப்பில் இடம் கொடுத்திருந்தது. பன்னிரண்டாவது வழக்கு வந்தால் இடம் போய்விடும். ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள்.

"தெரியாத பிள்ளைக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? நான் பொய் எழுதுறதில்லை" என்றார் சீவரத்தினம்.

"தெரியாதுன்னா தெரிஞ்சிக்குங்க சார். எட்டு நாளு இங்கயே வச்சிருங்க. சோறுதான் கொஞ்சம் அதிகமா தின்பான் லா. மத்தபடி ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, மகனையும் அவன் துணிப்பையையும் விட்டுவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

சீவரத்தினம் ஒரு கோப்பு திறந்தார். 'ஆறு மணிக்கு எழுகிறான். கூப்பிட்டால் உடனே வருகிறான். மூன்று தட்டு.' அவர் மனைவி கனகேஸ்வரி முதல் நாள் வெள்ளிக் கிண்ணங்களை எடுத்துப் பூட்டிவைத்தாள். நான்காம் நாள் நின்றுபோன மிக்சியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். ஆறாம் நாள் அந்த மூன்று தட்டையும் அவளே கேட்காமல் போட்டாள். எட்டாம் நாள் ஞாயிறு. மதியம் சீவரத்தினத்துக்கு எதிரே உட்கார்ந்து விஜயன் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது, க்ளிக் என்றது. சோற்றுக் கையும் வெறுங்கையும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. பையன் பெருமூச்சு விட்டுவிட்டு, "ஸ்டேஷன் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டான்.

பதில் சொல்வதற்குள் வாசலில் சீவரத்தினத்தின் ஒரே மகன் பாலன் வந்து நின்றான். தலைமுடியெல்லாம் கண்ணாடித் தூள். பின்னால் கான்ஸ்டபிள் அய்யாவு. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்து, முடிதிருத்தும் கடைக் கண்ணாடிக்குள் ஓட்டியிருக்கிறான். "நான்தான் சார் கையும் களவுமா பிடிச்சேன். மாட்டின விலங்கு மறுபடியும் காணாமப் போச்சு. இனி கிள்ளான்லதான் போய் தேடணும்" என்றார் அய்யாவு. தேடவேண்டிய விலங்கு சாப்பாட்டு மேசையில் விஜயன் கையிலேயே இருப்பதைப் பார்த்ததும், வேலை மிச்சம் என்று அவர் முகம் மலர்ந்தது.

சீவரத்தினம் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டச்சுப் பொறியின் உறையைக் கழற்றினார். கனகேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. "எங்கட பிள்ளையை நீங்களே பிடிச்சுக் குடுக்கப் போறீங்களோ?"

"பிறந்ததில இருந்து அறிவன் எண்டு எழுதினனான், கனகேஸ். எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றவர் அழுதார். அழுதுகொண்டே அடித்தார்: 'விஜயன் என்னும் இவனை எட்டு நாள்களாக அறிவேன்.' அதை அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மகன் பையிலிருந்த காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். விஜயன் கையிலிருந்து விலங்கு கழன்று ரசத்துக்குள் விழுந்தது. அய்யாவு அதைக் குழாயில் அலம்பி, துடைத்து, பாலன் கையில் பூட்டினார். நின்றது.

சந்திலிருந்த மற்றக் காகிதங்களையும் சீவரத்தினம் வீடுவீடாகப் போய்த் திரும்பக் கேட்டார். கொடுத்தவர்கள் பாதி, கதவைச் சாத்தியவர்கள் பாதி. கொடுத்தவர்களும் பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டு அட்டவணையில் சந்துக்கு நேராக ஏழு என்று வந்தது. கம்பத்தில் சரியாக ஏழு குறைந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒழுக்கம் ஏன் கெட்டது என்று மேலதிகாரி சிவப்பு மையில் கேட்டிருந்தார். 'கெடவில்லை. விலங்குகள் உரிய முகவரிக்குத் திரும்பியுள்ளன' என்று சீவரத்தினம் பதில் எழுதினார். விளக்கம் ஏற்கப்பட்டு, கோப்பு மூடப்பட்டது.

பாலன் கையில் விலங்கு நின்றதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கனகேஸ்வரி சாப்பாட்டு அடுக்குடன் ஸ்டேஷன் வாசலில் திகைத்து நின்றாள். மகனைக் கூட்டிப்போக வந்து, விஷயம் கேள்விப்பட்ட மாரியாயி, நேரே அங்கே வந்து சேர்ந்தாள்.

"அக்கா, இங்க நிக்காதீங்க. பின்பக்கம் ஜன்னல்ல குடுக்கணும். மீனுல முள்ளு இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க, எடுத்திருங்க."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து முள் எடுத்தார்கள். பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, பையனுடைய அம்மா யார் என்று கேட்டார். பழக்கதோஷத்தில் மாரியாயிதான் முதலில் எழுந்து நின்றாள்.