சொத்தைக்குப் பின்னால் ஒரு ப்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. உலகெங்கும் முதியவர்களிடம் பற்சொத்தை எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரு மாத இதழுக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு என்றது ஓர் ஆய்வு. அதற்கும் மேலே என்றது இன்னொன்று. பல்லே இல்லாதவரை எந்தப் பாதியில் சேர்ப்பது? (சிலர் அவரை எண்ணுவதே இல்லை.) எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் எங்கள் வீட்டில்

[வேண்டாம். ‘ஒரு வீட்டில்’ என்றே இருக்கட்டும்.]

2

ஒரு வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். விட்டுப்போன க், ச், த், ப் எதுவும் அவருடைய சிவப்புப் பேனாவுக்குத் தப்பியதில்லை. ஒற்றுகளைத் துரத்துகிறவர் என்பதால் அச்சகத்தில் ‘ஒற்றர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மனைவி இறந்தபின், தான் கட்டிய வீட்டில் மகளோடு இருந்தார்.

கீழ்த்தாடையில் இடதுபுறம் ஒரு பல் அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு [முடியாது, அதுதானே வலிக்கிறது] நாளை ஓட்டினார். ஒரு காலை, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகள் தன் ஞாபகத்துக்காக ஒட்டிய சீட்டைப் பார்த்தார்.

அப்பா – சொத்தைப் பார்க்கணும். வியாழன், 10 மணி.

அந்த ‘ப்’ அவரை நிறுத்திவிட்டது.*

* ஒற்றரின் இலக்கணம்: பல்லில் விழுந்தது என்றால் ‘சொத்தை பார்க்கணும்’. ஒற்று வராது. ப் வந்துவிட்டால் அது சொத்து. அதாவது வீடு.

அன்றே, மகள் தன் அண்ணனிடம் போனில் பேசியதும் காதில் விழுந்தது. “வியாழக்கிழமை அப்பாவோட சொத்தை எடுத்துடலாம்ண்ணா. இன்னும் தள்ளிப்போட்டா நமக்குத்தான் கஷ்டம்.”

ஒற்றர் இப்போது நிஜமாகவே ஒற்றராகிவிட்டார்.

3

“வாயைத் திறங்கப்பா, பார்க்கறேன்.”

“திறக்க மாட்டேன். திறந்தா எல்லாம் போயிடும்.”

“திறக்கலன்னாதான் போயிடும். ஒரு ஊசி போடுவாங்க, அவ்வளவுதான். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.”

“ஊசியா?”

பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஊசி எதற்கு என்று அவர் குழம்பினார். மயக்கிவிட்டுப் பெருவிரலைப் பிடித்து அழுத்துவார்களோ?

[இங்கேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா? மூன்று முறை மாற்றி எழுதிப் பார்த்தேன். நாற்பது வருடம், வாயால் சொன்னதைவிட அச்சில் நின்றதையே நம்பிய மனிதர். ப் குறுக்கே நிற்கிறது.]

4

முடிவு அ: பல் மருத்துவரின் நாற்காலியில் அவருக்கு விஷயம் விளங்குகிறது. அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து

[பொய். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். அது எங்கள் வீடுதான். அந்த மகள் நான்தான்.]

நடந்தது இதுதான். நேற்று, புதன்கிழமை சாயங்காலம், வீங்கிய கன்னத்தோடு அப்பா வந்தார். வீட்டுப் பத்திரத்தை என் முன்னால் வைத்தார்.

“எடுத்துக்கோ. கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே. சீட்டு எழுதி ஒட்டணுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சீட்டைக் காட்டியதும் பதறிப்போனேன். “ஐயோ, அது பல்லுப்பா! அந்த ப் தெரியாம விழுந்தது.”

“உன் கை தப்பா எழுதாதும்மா. நான் பழக்கின கை.”

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

சின்ன வயதில் என் வீட்டுப்பாட நோட்டெல்லாம் அவருடைய சிவப்பு மைதான். ‘ஐ’ என்று முடிந்தால் என் கை தானாக ஒற்றைப் போட்டுவிடும். அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வீடு பிறகு யாருக்கு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லையா? நினைத்திருக்கிறேன். அந்த ப்பைத் தெரியாமல்தான் போட்டேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

(உலகின் அந்தப் பாதிப் பேரில் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்? இதை எந்த ஆய்வில் தேடுவது?)

5

இன்று வியாழன். மணி ஒன்பது. இந்தப் பக்கங்களை அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு அப்பாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எழுத்து என்று எது வந்தாலும் அவரால் படிக்காமல் இருக்க முடியாது. சமையலறையில் நிற்கிறேன். தாள் புரளும் சத்தம் கேட்கிறது.

ப்பை அவர் அடித்துவிட்டால், சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்புவார். விட்டுவைத்தால், என் கை பிழை செய்யாது என்று கடைசிவரை நம்புவார். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியாது.

சத்தம் நின்றுவிட்டது. எனக்குப் போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பேனாவை நீங்கள் எடுங்கள்.

அப்பா – சொத்தை[ ] பார்க்கணும்.