லீவு லெட்டர்

விடியற்கால மெயில் பச்சகுப்பம் கேட்டைத் தாண்டும்போது பூங்காவனம் எழுந்துகொள்வாள். வாசல் தெளிப்பாள். முந்தைய நாள் களியை மோரில் கரைத்துத் தூக்குவாளியில் ஊற்றுவாள். சும்மாடு சுற்றும் பழைய லுங்கித் துண்டைக் கூடைக்குள் போடுவாள். ஜல்லி காலைக் கிழிக்கும் என்பதால், கணவனின் பிய்ந்துபோன கான்வாஸ் ஷூவைச் சணலால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். ஆறு மணிக்கு அமிர்தவள்ளி வந்து குரல் கொடுப்பாள். இருவரும் தண்டவாளத்தை ஒட்டியே நடப்பார்கள். ஏழு மணிக்கு, தண்டவாளத்துக்கு ஜல்லி சுமக்கும் கேங்கின் மேஸ்திரி ரத்தினசாமி பேர் கூப்பிடுவார்.

போவதற்கு முன் ஒரு வேலை உண்டு. அடுப்புக்கு மேலே சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாள்.

நூற்றிருபது கோடு வேண்டும். அத்தனை நாள் விடாமல் வேலை செய்த தினக்கூலியை ரயில்வே தற்காலிக ஊழியராக எடுத்துக்கொள்ளும். பிறகு ஆஸ்பத்திரி உண்டு, பாஸ் உண்டு, நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. நடுவில் அறுந்தால் மறுபடி முதல் நாள். கேங்கில் இரண்டு பெண்கள் நூறைத் தாண்டி அறுந்து போயிருந்தார்கள்.

"பாஸ் குடுத்தா எங்க போவ?" என்று கணவன் கோவிந்தராஜ் ஒரு நாள் கேட்டான்.

"காட்பாடிய தாண்டி எங்கியாவது. தெனம் ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்னே கால் நோவுது. ஒரு தபா உக்காந்து பாக்கணும்."

அவன் பி.ஏ. படித்தவன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில், வெளிநாட்டுக்குப் போகும் பேல் கட்டுகளின்மேல் இங்கிலீஷில் முகவரி எழுதுவான். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை. சோறு அவள் கூலியில் நடந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. கண் மஞ்சளாக இருந்தது. அமிர்தவள்ளி உள்ளே வந்து பார்த்தாள்.

"படுத்துக்கோ. நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதைக் கோவிந்தராஜ் ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டான். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். முறைப்படி லீவு கேட்டால் கணக்கு அறாது என்று நினைத்து, முழுத்தாளில் இங்கிலீஷில் லீவு லெட்டர் எழுதினான். காமாலை, மூன்று நாள், கனிவுடன் அனுமதிக்க வேண்டும். மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆம்பூர் போய் நேராக ரயில்வே இன்ஸ்பெக்டரிடமே கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார்.

"நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"கையெழுத்து நல்லா இருக்கு. உக்காருங்க."

கிளார்க்கைக் கூப்பிட்டுத் தேதி முத்திரை குத்தச் சொன்னார். கோவிந்தராஜ் திரும்பும் வழியில் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்தான்.

சாயந்திரம் ரத்தினசாமி வந்தார். உட்காரவில்லை.

"யார்யா உன்ன எழுதச் சொன்னது?"

"உடம்பு சரியில்லன்னா சொல்லணும் இல்ல, மேஸ்திரி."

"தினக்கூலிக்கு ஏதுய்யா லீவு? ஒருத்தி படுத்துக்கினா மத்தவளுங்க அவ கூடையும் சேத்துத் தூக்குவாளுங்க. நான் பேரப் போட்டுடுவேன். இருபது வருசமா இப்பிடித்தான் ஓடுது. காலைல இவளுக்கும் போட்டுட்டேன். மத்தியானம் உன் காகிதம் வந்துது, இன்ஸ்பெக்டரு பேர அடிக்கச் சொல்லிட்டாரு. வரலன்னு நீயே எழுதிக் குடுத்துக்கீற. நான் இன்னா பண்ணட்டும்?"

"நான் போய்த் திருப்பி வாங்கிக்கறேன்."

"முத்திர குத்தியாச்சுய்யா. படிச்சவன்னு பேரு."

அவர் போன பிறகு பூங்காவனம் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பு வரைக்கும் போனாள். ஈரத்துணியால் கோடுகளைத் துடைத்தாள். சுவரில் கறுப்பாக ஒரு தீற்றல் நின்றது.

மறுநாள் மெயில் தாண்டும்போது எழுந்தாள்.

"காமாலை எறங்கட்டும்" என்றான் அவன்.

"நாளைக்கி ஆரம்பிச்சா ஒரு நாள் கம்மிதான?"

கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுப் போனாள். தினமும் போனாள். அமிர்தவள்ளி அவள் கூடையில் பாதிதான் நிரப்பினாள். ஆம்பூர் டாக்டர் ஒரு மாதம் படுக்கச் சொன்னார். அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். புதுக் கணக்கில் பதினேழாம் நாள் கூடையோடு சரிவில் விழுந்தாள். நான்கு பெண்கள் பச்சகுப்பம் ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார்கள்.

கோவிந்தராஜ் இரண்டு டிக்கெட் எடுத்தான். பாசஞ்சரில் ஜன்னல் ஓரத்து சீட்டை ஒருவர் காலி செய்து கொடுத்தார். அவள் உட்காரவில்லை, படுத்துக்கொண்டாள். காட்பாடியில் இறக்கி, குதிரை வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான்கு நாள் கழித்து இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுநாள் ரத்தினசாமி அவனை ஆம்பூர் ஆபீசுக்கு அழைத்துப் போனார். வழியில் சொன்னார்:

"ஆஸ்பத்திரில இருந்த நாளுக்கும் போட்டேன். இருபத்தொண்ணு வரைக்கும் கீது."

கிளார்க் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். பதினேழுக்குப் பிறகும் நான்கு கட்டங்களில் அவள் வந்திருந்தாள்.

"பேர அடிக்கணும். செத்துட்டாங்கன்னு வீட்டுக்காரர் நீங்க எழுதிக் குடுங்க" என்றார் கிளார்க். "இங்கிலீஷ்லயே எழுதுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

ஒரு முழுத்தாளும் பேனாவும் கொடுத்தார். கோவிந்தராஜ் பெஞ்சில் உட்கார்ந்தான். இடது மேல்மூலையில் தன் பெயரும் ஊரும் எழுதினான். அதற்குக் கீழே இன்ஸ்பெக்டரின் பதவி. பிறகு இங்கிலீஷில் 'சார்'. கால்புள்ளி வைத்தான். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை உட்கார்ந்திருந்தான். தாளில் வேறு எதுவும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில், கடைசி நாள் காலையில், அவள் கண்ணைத் திறந்து கேட்டாள்.

"இன்னிக்கி எத்தினியாவது நாளு?"

"இருபத்தொண்ணு."

"அமிர்தவள்ளி பாத்துக்குவா. நீ லெட்டரு எழுதாதய்யா."