மூன்று முறை விற்ற செருப்பு

ஒரு மனிதரின் உண்மைக் கதைக்கு ரஃபீனா போட்டிருந்த விலை முப்பத்தைந்தாயிரம் ரூபாய். பாதி முன்பணம், மீதி இன்டர்வியூ அழைப்பு வந்த அன்று. பேரம் உண்டு. ஆனால் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு விற்கும் சைபுதீன் ராவுத்தரின் மகளிடம் பேரம் பேசி ஜெயித்துப் போனவர் இதுவரை யாருமில்லை. அத்தாவின் மிளகுக் கிட்டங்கிக்கு மேலே, மரப்படி ஏறினால் ஒரே அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி. மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க, குதிகால் உடைந்த ஒற்றைச் செருப்பு. கீழேயிருந்து மிளகு நெடி ஏறி வரும். புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் தங்கள் லட்சியத்தைச் சொல்வார்கள்.

வாசல் பலகையில் எம்.பி.ஏ. சேர்க்கைப் பயிற்சி என்றிருந்தது. உள்ளே நடந்ததென்னவோ அழகிப் போட்டிப் பாடம்தான். பதினோரு வருஷத்துக்கு முன், இருபத்திரண்டு வயதில், எர்ணாகுளத்தில் நடந்த போட்டியில் ரஃபீனா மூன்றாவதாக வந்தாள். ராவுத்தர் வீட்டுப் பெண் மேடையேறிவிட்டாள் என்று சொந்தபந்தம் ஒரு வருஷம் கல்யாணப் பத்திரிகையே அனுப்பவில்லை. "மொய் மிச்சம்" என்றார் சைபுதீன், அதோடு விட்டுவிட்டார்.

அவள் பாடம் இதுதான்: உயரமும் நிறமும் மேடையில் நிற்கிற எல்லோருக்கும் இருக்கும், மார்க் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் இருப்பதுபோல. நாற்பது பேரைப் பார்த்த நடுவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது ஒருத்தியைப் பற்றித்தான் பேசுவார். அந்த ஒருத்தியாக இருக்க வேண்டும். கேள்வி வந்ததும் வாயைத் திறக்கக் கூடாது, மூன்று எண்ணும்வரை சிரிக்க வேண்டும். இதற்கெல்லாம் சாட்சியாக அவள் செருப்பைக் காட்டுவாள். கடைசிச் சுற்றில் குதிகால் ஒடிந்தது. மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதுதான் ஏற்பாடு என்பதுபோல வெறுங்காலோடு மேடையின் முனைவரை நடந்தாள். அரங்கம் எழுந்து நின்றது. எட்டாவதாக இருந்தவள் மூன்றாவதானாள்.

சேர்க்கைக் கட்டுரையில் எழுதச் சொந்தமாகக் கதையில்லாமல் வந்தவர்களுக்கு அந்தச் செருப்பையே வேறு வேறு சாயம் அடித்துக் கொடுத்தாள். கும்பளங்கிப் பையனுக்கு அது பந்தாட்டக் களத்தில் பிய்ந்த பூட்ஸ் ஆயிற்று. வைட்டிலாப் பெண்ணுக்குப் பேச்சுப் போட்டியில் செத்துப்போன மைக். மூன்றாவதாக வாங்கியவள் பக்கத்துத் தெரு மதுவந்தி.

"எனக்குக் கதையே கிடையாது சேச்சி. அப்பா பேங்க், அம்மா பேங்க்."

"டான்ஸ் படிச்சேல்ல?"

"ஏழு வருஷம். அரங்கேற்றம்கூட ஆச்சு. அதுல ஒண்ணுமே நடக்கலையே."

"ஒண்ணுமே நடக்கலைன்னா எப்படி மோளே சீட்டு கிடைக்கும்? சலங்கை அறுந்துச்சு."

"அறலை சேச்சி."

"அறுந்துச்சு. நீ மத்த காலுலதையும் அவுத்து வெச்சிட்டு, சத்தமே இல்லாம ஆடி முடிச்சே."

மதுவந்தி கண்ணாடியில் தன் காலைப் பார்த்தாள். "அம்மா முன்வரிசைல உக்காந்திருந்தா சேச்சி."

"அம்மாவா இன்டர்வியூ எடுக்கப் போறாங்க?"

மதுவந்திக்குச் சீட்டு கிடைத்தது. நோட்டில் பதினான்காவது பெயருக்கு எதிரே ரஃபீனா டிக் அடித்தாள்.

சீட்டு கிடைத்துப் போனவர்களெல்லாம் விடுமுறைக்கு வரும்போது விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள். அவற்றை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். கட்டு தடிமனாக ஆக, ஒரு நாள் தனக்கே விண்ணப்பம் வாங்கினாள். மதுவந்தியிடம் விசாரித்து, அவள் படிக்கும் அதே கல்லூரி, வேலை அனுபவமுள்ளவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு. உதவித்தொகை முப்பத்துமூன்று வயதுவரைதான். உதவித்தொகை இல்லாவிட்டால் படிப்பில்லை. ஆகவே இந்த ஒரு தடவைதான்.

"உன்கிட்டயே ஃபீஸ் வாங்குவியா?" என்று கேட்டார் சைபுதீன்.

"வாங்குவேன் அத்தா. தள்ளுபடியே கிடையாது."

கட்டுரைக்குச் செருப்பைத்தான் எழுதினாள். விற்ற சரக்கு வாங்கியவர் கிடங்கில் இருக்கும் என்பது வியாபாரி மகளுக்கு உறைக்காமல் போயிற்று. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் தன் கதை தன்னிடமே இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

தோப்பும்படிப் பாலம் தாண்டி வெலிங்டன் தீவில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள், நடுவில் வெட்டிய நரைமுடியோடு ஒரு அம்மாள். அத்தாவிடம் வரும் வடநாட்டு வியாபாரி மூட்டையின் வாயைப் பார்க்கவே மாட்டார். குத்தூசியைப் பக்கவாட்டில் செருகி, நடு மிளகை உருவிப் பார்ப்பார். அந்த அம்மாளும் குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் அதைத்தான் செய்தார். கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் போன வருஷம் இதே ஊரிலிருந்து ஒரு பெண். சலங்கை அறுந்தது, மற்றதையும் கழற்றினாள். இப்போது எங்களிடம் படிக்கிறாள். யார் யாரிடமிருந்து எடுத்தது?

ரஃபீனா சிரித்தாள். ஒன்று. என் கதை, அவளுக்கு விற்றேன் என்றால் மதுவந்தி பெட்டியோடு வீட்டுக்கு வருவாள். இரண்டு. நான்தான் அவளிடம் எடுத்தேன் என்றால் கதவு அந்தப் பக்கம். மூன்று.

"அறுவதும் ஒடிவதும் யாருக்கும் நடக்கும் மேடம்," என்றாள். "எனக்கு அது நடக்கவில்லை. குதிகாலை நான்தான் அறுத்தேன்."

இதை அவள் யாருக்கும் விற்றதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. போட்டியன்று முதல் சுற்றுக் கைதட்டலை எண்ணிப் பார்த்தாள், தான் எட்டாவது என்று தெரிந்தது. முந்தின வருஷம் தடுக்கி விழுந்தவளுக்கு மார்க் ஏறியது ஞாபகமிருந்தது. அப்படி ஏதும் வேண்டியிருக்கலாம் என்று காலையிலேயே அத்தாவின் ஹேக்ஸா பிளேடைக் கைப்பையில் போட்டிருந்தாள். ஒப்பனை அறைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முக்கால்வாசி அறுத்தாள். மீதியை மேடை பார்த்துக்கொண்டது.

"அப்படியானால் கட்டுரை பொய்?"

"வெறுங்காலோடு நடந்தது நிஜம் மேடம். தானாக ஒடிந்தது என்பதுதான் பொய்."

இடப்பக்கத்தவர் நெடுநேரம் எழுதினார். வலப்பக்கத்தவர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று நடுவில் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு செய்தும் ஏன் முதலிடம் வரவில்லை?"

"இரண்டு பேர் அழுதார்கள் மேடம்."

திரும்பி வந்தபோது சைபுதீன் தராசுப் பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். "என்ன மோளே கேட்டாங்க?"

"உங்க ஹேக்ஸா பிளேடைப் பத்தி."

"அது பதினோரு வருஷமாக் காணோமே," என்றார் அவர், ஆச்சரியமே படாமல். "செருப்புல வெட்டு நேரா இருந்துது. தானா ஒடிஞ்சா அப்படி இருக்காது."

படியேறும்போதே போன் அடித்தது. மதுவந்தி.

"சேச்சி, எங்க அட்மிஷன் மேடம் நாளைக்கு என்னை வரச் சொல்லிருக்கா. அரங்கேற்ற வீடியோ இருந்தா எடுத்துண்டு வரணுமாம். எதுக்கு சேச்சி?"

ரஃபீனா பாதிப் படியில் நின்றாள். சிரித்தாள், பார்க்க யாருமில்லை என்றாலும். மூன்று எண்ணினாள்.

"வீடியோவைக் கொண்டு போ."

"அதுல சலங்கை அறலையே!"

"அறலைன்னே சொல்லு. பஜார் ரோட்டு ரஃபீனா எழுதிக் கொடுத்தான்னு சொல்லு. அறலைன்னு நீ அன்னைக்கே சொன்னே, அதையும் சொல்லு."

"அப்போ உங்க சீட்டு?"

"நாளைக்குப் போய்ச் சொல்லுடீ," என்று போனை வைத்தாள்.

மேலே வந்து உட்கார்ந்தாள். செருப்பை நகர்த்தி நோட்டை எடுத்தாள். பதினான்காவது வரியில் டிக்கின்மேல் ஒரு சிறு கேள்விக்குறி போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: மதுவந்தி, திருப்பித் தர வேண்டியது, 35,000. அதற்குக் கீழே பதினைந்தாவது பெயராகத் தன் பெயர். ஃபீஸ், 35,000. வரவு, இல்லை. முடிவுக்கான கட்டத்தை எழுதாமல் விட்டு, ஜன்னல் காற்றில் பக்கம் புரளாமலிருக்கச் செருப்பைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். குதிகால் இல்லாததால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.