மேலேயிருந்து வந்த தண்ணீர்

இன்னாசிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. ஐஸ் கட்டி வாங்கினால் உடைத்துப் பார்ப்பார். மீன் ஏலம் விடுகிறவர் தும்மினால்கூட யாருக்கோ சைகை காட்டுகிறார் என்பார். பூசை முடிந்து பாதிரியார் கைகொடுத்தால், இன்னாசி தன் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார் என்று காசிமேட்டில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒருவனிடம் மட்டும் தன் விசைப்படகின் சாவியைப் பல வருஷமாகக் கொடுத்து வைத்திருந்தார். 'செபமாலை' என்ற அந்தப் படகை ஓட்டும் டிரைவர் ரகுபதிதான் அவன். திருவொற்றியூர் குப்பத்துக்காரன்.

அந்த ஒரே நம்பிக்கையும் மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் ஆட்டம் கண்டது.

கடலுக்குப் போகக் கூடாத அந்த நாட்களில்தான் துறைமுகத்தில் படகுகளுக்கு வைத்தியம் நடக்கும். பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினுக்குப் புது ஆயில் ஊற்றுவார்கள். செபமாலைக்கும் ஆயில் மாற்றிச் சில நாட்கள் ஆகியிருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னாசி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தினார். அளவு பார்க்கும் கம்பியை உருவினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய புது ஆயில், டீக்கடை டீ மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இதோடு கடலுக்குப் போனால் எஞ்சின் நடுவழியில் இறுகி நின்றுவிடும். எஞ்சின் போனால் செபமாலை வெறும் மரக்கட்டை. இதெல்லாம் இன்னாசிக்குத் தெரியும். ஆனால் அவர் மனம் எஞ்சினில் நிற்கவில்லை, சாவிக்குப் போயிற்று. எஞ்சின் அறைப் பூட்டுக்குச் சாவி இரண்டுதான். ஒன்று ராயபுரத்தில் அவர் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. இன்னொன்று ரகுபதியின் அரைஞாணில்.

அதன் பிறகு பழைய சங்கதி ஒவ்வொன்றும் வேறு நிறத்தில் தெரிந்தது. பிரகாஷ் என்பவன் புதுப் படகு இறக்கப் போகிறான், நல்ல டிரைவர் தேடுகிறான். டோல்கேட் டீக்கடையில் ரகுபதியும் பிரகாஷும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை இன்னாசியே பார்த்திருக்கிறார். போன வாரம் மூலக்கொத்தளத்தில் ஒரு சாவுக்குப் போகிறேன் என்று ரகுபதி அரைநாள் வரவில்லை. செத்தது யார் என்று கேட்டதற்குத் தூரத்துச் சொந்தம் என்றான். அதென்ன தூரத்துச் சொந்தம்? செத்தவனுக்குப் பேர் கிடையாதா? இன்னாசிக்கு மூக்கு சிவந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அவருக்கு முதலில் மூக்குதான் சிவக்கும்.

மெக்கானிக் சுஹைப் வந்து பார்த்தான். வெள்ளைத் தாடியை நீவிக்கொண்டு, இன்று ஒன்றும் தொடக் கூடாது, ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும், தண்ணீர் அடியில் தங்கும் என்றான். மறுநாள் காலையில் கைப்பம்பின் குழாயை எஞ்சினுக்குள் அடிவரை விட்டான். படகில் எஞ்சின் அடிப்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும், லாரி மாதிரிக் கீழே படுத்து அடைப்பானைத் திறக்க முடியாது, மேலேயிருந்துதான் உறிஞ்ச வேண்டும். முதலில் வந்ததை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தான். ஆயில் மேலே ஏற, அடியில் கலங்கலான தண்ணீர் நின்றது. சுஹைப் ஆயிலைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்புக் கரிக்கவில்லை. அப்படியானால் கடல் தண்ணீர் கசிந்து உள்ளே போகவில்லை. எஞ்சினைக் குளிர வைக்கும் தொட்டித் தண்ணீர் பச்சை நிறம், இதில் பச்சையே இல்லை, தொட்டியும் குறையவில்லை. மிச்சமிருப்பது ஒரே வழிதான். எஞ்சின் தலையில் ஆயில் ஊற்றுகிற மஞ்சள் மூடியை யாரோ திறந்து ஊற்றியிருக்கிறார்கள்.

"மேலேர்ந்து வந்த தண்ணி மாமு. வழிய தான் நான் சொல்றேன். ஊத்துன ஆள நான் சொல்லல" என்றான் சுஹைப்.

ஆளை இன்னாசி முந்தின நாளே முடிவு செய்துவிட்டார். ரகுபதி அங்கேதான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். உப்புக் கரிக்கவில்லை என்று சுஹைப் சொன்னதும் அவன் கை சட்டென்று நின்றதை இன்னாசி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். திருட்டு முழி என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை வலை காயப்போட வந்தவர்கள், ஐஸ் வண்டிக்காரர், பக்கத்துப் படகில் பெயின்ட் அடித்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பிரகாஷ் படகுக்குப் போக வேண்டுமானால் நேராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், சோறு போட்ட படகின் வயிற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டுமா என்று இன்னாசி கத்தினார். தூரத்துச் சொந்தத்தின் பேரையும் சேர்த்துக் கேட்டார். ரகுபதியின் முகம் கறுத்துப் போயிற்று. அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றி, கயிற்றுச் சுருளின் மேல் மெதுவாக வைத்தான்.

"நா ஊத்தல அண்ணாத்த" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஊற்றவில்லை என்கிறானே தவிர யார் ஊற்றினார்கள் என்று கேட்கிறானா பார் என்று சுஹைப்பிடம் சொன்னார் இன்னாசி. சுஹைப் கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

வீட்டுக்கு வந்த இன்னாசி, திரும்பி வந்த சாவியை மாட்டுவதற்காக மாதா படத்திடம் போனார். ஆணியில் இருந்த சாவியின் வளையத்தில் கறுப்பாக விரல் ரேகை பதிந்திருந்தது. அவர் அந்தச் சாவியைத் தொட்டே மாதக்கணக்கு ஆகிறது. படத்துக்குப் பக்கத்தில், வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்த மாதா வடிவப் பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. நீலக் கிரீடம்தான் அதற்கு மூடி. கையில் எடுத்துப் பார்த்தார். மந்திரித்த தண்ணீர் கழுத்துவரை இருந்த பாட்டில் காலியாக இருந்தது.

அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி இருதயம்மாளைக் கூப்பிட்டு, பாட்டிலை நீட்டினார். ஒன்றும் கேட்கக்கூட இல்லை. அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

செபமாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் எஞ்சின் ஆயில் மாற்றும்போது முதல் ஆயிலை இருதயம்மாள்தான் ஊற்றுவாள். கைராசி என்று படகு வாங்கிய காலத்தில் இன்னாசியே வைத்த வழக்கம் அது. போன வருஷம் அவள் ஊற்றிய சில நாளிலேயே எஞ்சின் நடுக்கடலில் நின்று, எண்ணூர் படகு ஒன்று கட்டி இழுத்து வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இன்னாசிக்கு அவள் கை மேலேயே சந்தேகம். இந்த முறை அவளைக் கூப்பிடாமலே ஆயில் மாற்றிவிட்டார். உன் கை வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தார்.

"என் கை ராசியில்லாட்டிப் போவுது. மாதா தண்ணிக்கு இன்னா? அதான் நீ சொசைட்டி கூட்டத்துக்குப் போனப்ப போய் அந்த மஞ்ச மூடியில ஊத்துனேன்" என்றாள். எனக்குத் தெரிந்த ஓட்டை அது ஒன்றுதான் என்றும் சொன்னாள். சொல்லும்போதே நகர்ந்து நகர்ந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஏன் அங்கே போய் நிற்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் சோற்றுத் தட்டாவது டம்ளராவது பறக்கும். அன்று பறக்கவில்லை. கோபத்தை முந்திக்கொண்டு அவமானம் வந்துவிட்டது. இன்னாசி சாவியோடு அப்படியே வெளியேறி, திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

ரகுபதி கடலோரக் கற்களின் மேல் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னாசியைக் கண்டதும் எழவில்லை. மன்னிப்பு என்கிற வார்த்தை இன்னாசிக்குப் பழக்கமில்லாதது, அதனால் சுற்றி வளைத்து, சாவி, பாட்டில், மாதா தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு போனார். ரகுபதியின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அது அவருக்கு உறைக்க நேரமாயிற்று. உறைத்ததும் மூக்கு மறுபடி சிவந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அண்ணி படகிலிருந்து இறங்கிப் போனதை அன்றைக்கே பார்த்ததாக ரகுபதி சொன்னான். கையில் மாதா பாட்டில் இருந்தது, செபம் பண்ண வந்திருக்கும் என்று விட்டுவிட்டான். தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்று சுஹைப் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது.

"அப்போ அங்கியே சொல்றதுக்கு இன்னா? அத்தினி பேர் முன்னாடி வாய மூடிக்கினு ஏண்டா போன?"

ரகுபதி வலையிலிருந்து கண்ணை எடுத்தான். "சொல்லியிருந்தா நீ வூட்டுக்குப் போய் இன்னா பண்ணியிருப்பன்னு எனக்குத் தெரியும் அண்ணாத்த. எனக்கு வேற படகு கீது. அண்ணிக்கு வேற வூடு கீதா?"

உன்னை யார் என் குடும்பத்தில் தலையிடச் சொன்னது என்று வாய்வரை வந்ததை இன்னாசி விழுங்கிக்கொண்டார். சாவியை அவன் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தார். ரகுபதி அதை எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. நாளைக்கு மறுபடி ஆயில் மாற்றும்போது அண்ணியைக் கூப்பிட்டு வந்து முதல் ஆயிலை ஊற்றச் சொல், அதைப் பார்த்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றான்.

மறுநாள் காலையில் இன்னாசி குளித்துவிட்டு வந்து, புது ஆயில் ஊற்றப் போகிறோம், நீதான் ஊற்ற வேண்டும், கிளம்பு என்று இருதயம்மாளிடம் சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். ஐஸ் கட்டியை உடைத்துப் பார்க்கிற பார்வை அது.

"நெசமா ஆயில் ஊத்தத்தான் கூப்புடுறியா?"

ஆமாம் என்றார். சரி என்று செருப்பை மாட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, பக்கத்து வீட்டு ஜானட்டின் கதவைத் தட்டி, அவளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்கினாள்.