புரட்டிய மூடை

புரட்டு என்றால் ஏமாற்று என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் பட்டது அறுபத்தெட்டாம் வருஷத்தில்தான், அருப்புக்கோட்டையில் காசிராஜன் அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில்.

அந்தக் கடையில் வருகிற மூடையையெல்லாம் புரட்டிக் கொட்டித்தான் பார்ப்பார்கள். மேலே நல்ல வத்தல், அடியில் வெளுத்த சண்டு வத்தல் என்று கட்டி வருகிறவர்கள் அத்தனை பேர். எங்கள் மூடையை மட்டும் புரட்டுவதில்லை. அது என் மதினி சந்தனம்மாள் வாங்கித் தந்த பெயர். களத்தில் வெயிலோடு உட்கார்ந்து சண்டு வத்தலைப் பொறுக்கி ஒதுக்குவது அவள். அண்ணன் பால்சாமி மூடை பிடித்துத் தைப்பதோடு சரி.

அன்று மூன்று பேரும் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் பந்தல்குடி தவசியின் மூடையைப் புரட்டினார்கள். அடியில் சண்டு. விலை இறங்கியதும் அவனுக்கு ஆத்திரம்.

"நாங்க மட்டும் புரட்டுக்காரங்க. இவுக மூடைக்குள்ள மகாலட்சுமியா உக்காந்திருக்கா?"

"ஏலே, வாய மூடு. அது சந்தனம்மா பொறுக்குன வத்தல்" என்றார் அண்ணாச்சி.

மதினி எழுந்துவிட்டாள். "கொட்டியே பாத்துருங்க அண்ணாச்சி. நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது."

"நேரமாச்சு, வண்டியப் பூட்டணும்" என்றான் அண்ணன்.

"இருங்க, என்ன அவசரம்?"

அண்ணன் மூடை மேல் கையை வைத்துக்கொண்டான். "வேண்டாம்னு சொல்றேன்ல."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. மதினிக்கு அப்போதும் விளங்கவில்லை. அவன் கையை விலக்கி, தானே தையலைப் பிரித்து, மூடையைச் சாய்த்துப் புரட்டினாள்.

முதலில் சிவப்பாகச் சரிந்தது. பிறகு வெளுப்பாக. அவள் பொறுக்கி ஒதுக்கிய அதே சண்டு.

யாரும் சிரிக்கவில்லை. தவசிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எத்தனை வருசமா, பால்சாமி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இந்த வருசந்தான். மழையில ரொம்ப வெளுத்துப்போச்சு..."

மதினி அவனைப் பார்க்கவில்லை. குனிந்து சண்டு வத்தலை மட்டும் முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சுமைக்காரர்களுக்கு அண்ணன் புரட்டுப் பால்சாமி ஆனான்.

மறுவருஷம் அவளே பொறுக்கி அவளே தைத்தாள். அண்ணாச்சி பழையபடியே, "சந்தனம்மா மூடைதான, தராசுல ஏத்துங்கப்பா" என்றார்.

"புரட்டுங்க" என்றாள் மதினி.

புரட்டினார்கள். அடிவரைக்கும் சிவப்பு. அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அண்ணன் தெருவில், வண்டிக்கு அந்தப் பக்கமாக, முன்பே தின்று முடித்த மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான்.