கட்டுப்படியாகாத தூரம்

விசில்காரர் கையை அசைத்துத்தான் மனைவியைத் தடுத்தார். பேசினால் மூச்சு செலவாகும். மூலையில் இருந்த இயந்திரத்தின் மேல் போர்த்திய துணியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் இன்ஜினியரம்மா உட்கார்ந்திருந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கரண்டு லைன் வரல, அப்படித்தானே?" என்றார் விசில்காரர்.

"கணக்குப் போட்டுப் பாத்தோம் ஐயா. கீழ்த் தெருவுக்கு லைன் இழுக்கறது கட்டுப்படியாகலைன்னு வந்துடுச்சு."

"யாருக்குக் கட்டுப்படியாகல மேடம்?" என்று மனைவி கேட்டாள். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இன்ஜினியரம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள்.

விசில்காரர் என்பது அவர் பார்த்த வேலையால் வந்த பெயர். கல் குவாரியில் வெடி வைப்பதற்கு முன் எல்லோரும் விலகிப்போக விசில் ஊதுவது அவர் பொறுப்பு. எல்லோரும் போன பிறகு கடைசியாக ஓடுகிறவரும் அவர்தான். அதனால் வெடித்த கல்லின் தூசி முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. பல வருடம் உள்ளே போன தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. இப்போது அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு மெல்ல விசிலடிக்கும். "பழைய வேலை விட மாட்டேங்குது" என்பார், வருகிறவர்களிடம்.

துணிக்குள் இருந்தது ஆக்சிஜன் இயந்திரம். அது ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் உருளை அல்ல; காற்றிலிருந்தே பிரித்தெடுக்கும். நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இயந்திரம் அறைக்காற்றை உறிஞ்சி, மணல்போன்ற சிறு மணிகள் நிரப்பிய குழாய்க்குள் அழுத்தும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஆக்சிஜன் மட்டும் வெளியே வரும். ஒரு குழாய் நிரம்பியதும் அது பிடித்ததைப் புஸ்ஸென்று கக்கும். அதற்குள் பக்கத்துக் குழாய் வேலையைத் தொடங்கிவிடும். மாறி மாறி இரண்டு குழாய்கள், இரண்டு நுரையீரல்போல. அதற்கு வேண்டியதெல்லாம் நிற்காத மின்சாரம். ஊருக்கு லைன் வரப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் டவுன் ஆஸ்பத்திரி அதை இரவலாகக் கொடுத்திருந்தது.

ஊருக்கு வந்த திட்டமும் நல்லதுதான். டவுனிலிருந்து வரும் பெரிய லைன் இந்த மேட்டுக்கு ஏறி வராது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் சுமந்து கட்டாது. வெயிலும் காற்றும் ஒன்று கைவிட்டால் ஒன்று கைகொடுக்கும். பகலில் சூரியத் தகடுகள் தரும். மேகம் மூடினால் இங்கே பெரும்பாலும் காற்று எழும், காற்றாலை சுற்றும். இரண்டும் சேர்ந்தால் நடுவில் வைக்கும் பாட்டரி சிறியதாக இருந்தாலே போதும். பாட்டரிதான் இதில் விலை கூடிய சாமான். தனித்தனியாக வைத்தால் கட்டுப்படியாகாதது, சேர்த்து வைத்தால் கட்டுப்படியாகும். இன்ஜினியரம்மாவுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கண் மின்னும்.

நல்ல காற்று கீழ்த் தெருவின் பின்னால் இருந்த பாறைமேட்டில் அடித்தது. அதனால் காற்றாலைக் கோபுரம் அங்கே நின்றது. பாட்டரி அறையையும் கோபுரத்தின் காலடியிலேயே கட்டி, அங்கிருந்து ஒரே லைனாக முதலில் கீழ்த் தெரு, பிறகு மேல் தெரு என்று அவள் வரைந்திருந்தாள். மிகக் குறைந்த கம்பி போகும் வழி அதுதான்.

மேல் தெருக் கடைக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். கல் உடைக்கிறவர்கள் வீட்டைத் தொட்டுவிட்டு எதுவும் மேல் தெருவுக்கு வந்ததில்லை, தண்ணீர்கூட. கரண்டும் அப்படி வர வேண்டாம். பாட்டரி அறை தன் கடைக்குப் பின்னால் இருக்கட்டும், இடத்தைத் தானே தருவதாகச் சொன்னார். கீழ்த் தெருவுக்கு வேண்டுமானால் தனி லைன் போகட்டும். ஆனால் தங்கள் கொல்லை வழியாகப் போகக் கூடாது.

இன்ஜினியரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக் கம்பிக்குள் ஓடுவது ஆற்றுநீர்போல ஓரிடத்திலிருந்து புறப்பட்டு இன்னோரிடம் சேர்வதில்லை. அந்தந்த வீட்டுக் கம்பிக்குள் இருப்பதே அங்கேயே முன்னும் பின்னும் அதிர்கிறது, அவ்வளவுதான். கீழ்த் தெரு வீட்டிலிருந்து மேல் தெரு வீட்டுக்கு எதுவுமே போவதில்லை. அவள் அதைப் பொறுமையாக, ஒரு கயிற்றை ஆட்டிக் காட்டி விளக்கினாள். கடைக்காரர் ஆர்வமாகக் கேட்டார். எல்லாம் புரிகிறது என்றார். புரிந்த பிறகும் கொல்லை கொல்லையாகவே இருந்தது.

மேல் தெருவின் சம்மதம் இல்லாவிட்டால் திட்டமே இல்லை. கோபுரத்துக் கம்பி மட்டும் யார் வீட்டையும் தொடாமல் பூமிக்கடியில் மேலே போயிற்று; அதே வழியில் கீழ்த் தெருவின் லைன் இறங்கி வர மேல் தெரு ஒப்பவில்லை. கொல்லைகளை விட்டுக் கீழே இறங்க வேண்டிய லைன், பாழடைந்த குவாரிப் பள்ளத்தைச் சுற்றி வளைந்து வர வேண்டியிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம், பள்ளத்தைச் சுற்றினால் ஒரு மலைப்பாதையாக நீண்டது. அவள் அந்த நீளத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். எவ்வளவு தூரம் என்றுதான் அது கேட்டது. ஏன் என்று கேட்கவில்லை. கீழ்த் தெரு கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. வீட்டுக்கு ஒரு சின்னத் தகடும் ஒரு விளக்கும் கொடுத்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று.

இதில் பாதியைத்தான் அவள் அன்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். மீதியை விசில்காரர் தானே புரிந்துகொண்டார்.

"அந்தச் சின்னத் தகட்டுல இது ஓடாதுங்களா?" என்று மனைவி இயந்திரத்தைக் காட்டினாள்.

"மூச்சு விடற நேரத்துக்குக்கூட ஓடாதும்மா" என்றாள் இன்ஜினியரம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

மனைவி கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. பாட்டரி அறையின் வெளிச்சுவர் ஓரமாக உட்கார்ந்து மூச்சு பிடித்துக்கொள்ளட்டும், ஜன்னல் வழியாகப் பிளக் தருகிறேன் என்றார். கொல்லைக்குள் வராமல் வெளிச்சரிவில் ஏறி வர வேண்டும். இரண்டு தெருவுக்கும் நடுவே இருந்தது அந்தச் சரிவுதான். மனைவி இயந்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். அவர் அவள் தோளைப் பிடித்தபடி ஏறினார், பாதியில் உட்கார்ந்தார், மறுபடி ஏறினார். இரண்டாம் முறை போய்த் திரும்பியதும் பாயில் படுத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏறுறதுக்கு செலவாகுற மூச்சு, அங்க கிடைக்கற மூச்சவிட ஜாஸ்தி புள்ள. எனக்கும் இது கட்டுப்படியாகல."

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. அவ்வப்போது இயந்திரத்தின் துணியை விலக்கி, தூசி படாமல் துடைத்து வைக்கச் சொல்வார். தூசிக்கு மட்டும் அவர் பயந்தார். இயந்திரம் ஓடும் சத்தம் ஒருநாள் தன் வீட்டுக்குள் கேட்க வேண்டும் என்ற ஆசையை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

கோபுரத்தின் காலடியில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. பாட்டரி நிரம்பிய பிறகும் காற்று அடித்தால், வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் வேண்டும். இல்லாவிட்டால் சுமையில்லாத இறக்கைகள் வெறிபிடித்துச் சுற்றி உடைந்துபோகும். ஆகவே மிச்சத்தை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் விட்டு வெறும் சூடாக எரித்துவிடுவார்கள். சூடான பெட்டி கடைக்குப் பக்கத்தில் வேண்டாமென்று இங்கேயே விட்டிருந்தார்கள். கீழ்த் தெருப் பெண்கள் அதன் மேல் ஈரத்துணி காய வைத்தார்கள். மேல் தெருவிலிருந்து தங்களுக்கு வருவது இந்தச் சூடு ஒன்றுதான் என்று கேலி பேசிக்கொண்டார்கள்.

அன்று காலையிலிருந்தே வெயிலும் காற்றும் போட்டி போட்டன. மத்தியானத்துக்கு முன்பே பாட்டரி நிரம்பிவிட்டது. பெட்டி கை வைக்க முடியாதபடி கொதித்தது. விசில்காரரின் நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுக்க மனைவி துணியை அதன் மேல் போட்டு, திருப்பிப் போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலுக்கு வரும்போதே விசில் சத்தம் கேட்கவில்லை. அவள் சூட்டுத் துணியை அவர் நெஞ்சில் வைத்தாள். அது ஆறும்வரை கையை எடுக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கடைக்காரர் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் எலக்ட்ரீசியன் ஒரு வயர்ச் சுருளைப் பிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். நுனியில் ஒரே ஒரு பிளக் செருகும் பெட்டியும் ஒரு பெரிய பல்பும் இருந்தன.

"மனசு கேக்கலம்மா. நாலு பேரு வந்து போற எடம். தர்றதா சொன்ன சின்ன வெளக்கும் இன்னும் வரல. இருட்டுல கெடக்க வேணாம்."

அவள் வயரின் பின்னாலேயே பார்வையை ஓட்டினாள். அது பள்ளத்தைச் சுற்றி வரவில்லை. கடைக்குப் பின்சுவர், கொல்லை, வேலி, சரிவு என்று நேராக இறங்கி வந்திருந்தது.

"உங்க கொல்லை வழியாவா ஐயா வந்துச்சு?"

"ஆமா. அவசரத்துக்குத்தானே. இன்னிக்கு ஒரு நாளு."

"சீக்கிரமா வந்துடுச்சு" என்றாள் அவள்.

எலக்ட்ரீசியன் வாசலில் நின்றபடியே பிளக் பெட்டியை உள்ளே நகர்த்தி, பல்பைப் போட்டான். விசில்காரரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவள் எழுந்து போய் பல்பின் பிளக்கைப் பிடுங்கினாள். மூலையில் இருந்த இயந்திரத்தின் துணியை மடித்து ஓரமாக வைத்தாள். அதன் பிளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினாள்.

இயந்திரம் உறுமி, தயங்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. புஸ். மறு குழாய். புஸ். மூக்கில் மாட்டும் ரப்பர்க் குழாயின் நுனி தரையில் கிடந்து ஊதியது. அதன் முன்னால் கொஞ்சம் தூசி விலகியது.

"ஆளே போயாச்சு, இது யாருக்கும்மா ஓடுது? லைட்டப் போடு" என்றார் கடைக்காரர், தணிந்த குரலில்.

"ஓடட்டும் ஐயா. கட்டுப்படியாகுதான்னு பாப்போம்."

எலக்ட்ரீசியன் கடைக்காரரைப் பார்த்தான். கடைக்காரர் வயரைப் பார்த்தார். இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்க வேண்டுமானால் வாசற்படியைத் தாண்டி அந்த வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை.

மேலே மேல் தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வந்தவர்கள் இருட்டில் தடவித் தடவி உட்கார்ந்தார்கள். யாரும் வெளிச்சம் கேட்கவில்லை. அழுதவர்கள்கூட நிறுத்திவிட்டு, அந்த அறைக்குள் ஏதோ ஒன்று குறைவில்லாமல் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.