வலப்பக்க ஜிப்

...இல்லை, ஜிப்பின் ரன்னர் சரியாகத்தான் ஓடுகிறது, பல்லிலும் கோளாறில்லை, பிறகு ஏன் சேர மாட்டேன் என்கிறது என்று கூடாரத்துக்குள் முட்டி போட்டபடி இரண்டு ஸ்லீப்பிங் பேக்குகளையும் மறுபடி அருகருகே இழுத்துப் போட்டான், சோபா உறை தைத்தே பிழைக்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு ஜிப் வைக்கிறவன், இதில் போய் முழிக்கிறானே... வெளியே ஏரி சத்தமில்லாமல் கிடந்தது, வெயிலில் சூடேறிய கூடாரத் துணி ரப்பர் வாசனை அடித்தது, கைபம்பு கிறீச்சிட்டது, மனைவி பாத்திரம் கழுவுகிறாள், அது நிற்பதற்குள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் வாயைத் திறந்து எதுவும் கேட்க வேண்டியதில்லை, அவளே பார்த்துப் புரிந்துகொள்வாள், முன்பெல்லாம் பழைய பைகளை வந்ததும் ஜிப் போட்டு ஒரே பையாகச் சேர்த்துவிடுவார்கள், உள்ளே அவள் கால் ஐஸ்கட்டியாக இருக்கும், "உன் காலை வீட்டுலயே வச்சுட்டு வந்திருக்கலாம்" என்பான், "அப்புறம் யாரை உதைக்கிறதாம்" என்பாள், எப்போது நின்றது அந்தப் பேச்சு, சண்டை போட்டு நின்றிருந்தால்கூட நாள் தெரிந்திருக்கும்...

அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அவளுக்கு வேறு ஊர்க் கிளை தருகிறார்கள், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும், அதை அவள் சொன்ன விதம்தான், துணி மடித்துக்கொண்டே, "நான் போகலாம்னு இருக்கேன், நீங்களும் வரணும்னு இல்ல" என்றாள், வராதே என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை, அவன் "பாத்துக்கலாம்" என்றான், சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டான், அங்கே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து தைத்த உறையையே மறுபடி தைத்தான். ஏரிக்குப் போகலாமா என்று மறுநாள் கேட்டான், பழைய பையெல்லாம் எலி கடித்துவிட்டது, புதிதாக வாங்கி வருகிறேன் என்றாள், வாங்குகிறாள் என்றால் வருகிறாள், வருகிறாள் என்றால்... அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. காலையில் இங்கே வந்து இறங்கியதும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், சதா விசிலடிப்பதால் இவர்களுக்கு அவர் விசில்காரர், "என்ன மாப்ள, இன்னும் அதே அம்மாதானா?" என்று சிரித்தார், "இவருக்கு வேற யாரு கிடைப்பா" என்று அவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு விசில்காரருக்கா, இவனுக்குமா...

அப்போதுதான் கண்ணில் பட்டது, இரண்டிலும் ஜிப் வலப்பக்கம், இந்த மாதிரித் தலைக்கு மூடி வைத்த பைகள் சேர வேண்டுமென்றால் ஒன்று வலது, ஒன்று இடது வேண்டும், இரண்டும் வலது என்றால் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால்தான் சேரும், அந்த மூடி முகத்தின் மேல் விழும், ஒருவர் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தால்தான் இருவர் ஒரே பைக்குள் இருக்கலாம்... பம்பு நின்றுவிட்டது, எப்போது நின்றது? அவள் ஈரக் கையோடு வாசலில் குனிந்து பார்த்தாள்.

"சேரலையா?"

"ரெண்டும் ஒரே பக்கம்."

"ம்."

"கடையில கேக்கலையா, எந்தப் பக்கம் வேணும்னு?"

"கேட்டாரு."

அவ்வளவுதான், தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள், நீ என்ன சொன்னாய் என்று கேட்காமல் அவன் ரன்னரை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான், தெரியாமல் வாங்கினாளா, தெரிந்தேவா, அல்லது இவன் கேட்கிறானா என்று பார்க்கவா, கேட்டால்தானே தெரியும். அவள் பைகளைப் பிரித்துப் போட்டாள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம், பிறகு மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாளே, அந்த மரியாதையான முகத்தோடு, "நீங்க எந்தப் பக்கம் படுத்துக்கிறீங்க?" என்றாள். இடப்பக்கம் படுத்தால் அவன் பை அவளைப் பார்த்துத் திறக்கும், அவளுடையது கூடாரச் சுவரைப் பார்த்து, வலப்பக்கம் படுத்தால் அவளுடையது இவனைப் பார்த்து, இவனுடையது சுவரைப் பார்த்து, இதைத்தான் கேட்கிறாளா, இல்லை வெறும் இடத்தைத்தானா, சொல்லிவிடலாம், இப்போதே, உன் பக்கம் திறக்கிற மாதிரி என்று...

"பாத்துக்கலாம்" என்று யாரோ சொன்னது கேட்டது. அவன் குரல்தான் அது. அவள் தலையாட்டிவிட்டுத் துண்டைக் கொடியில் போடப் போனாள்.